என்ன வரைவது? சில வருடங்கள் பழகிப் பார்த்த வழிகள்

வேலை நேரம் போக மிச்சமுள்ள பொழுதில் வரைகிறவன் நான். பென்சில், இங்க், வாட்டர்கலர் மூன்றும் கலந்து வரும். வகுப்புக்குப் போய்க் கற்றதில்லை, அதனால் ‘அடுத்து இதை வரை’ என்று சொல்ல ஆளும் இல்லை. உட்கார நேரம் கிடைத்தும் என்ன வரைவதென்று தெரியாமல் எழுந்துவிடும் பிரச்சினைக்கு ஊரே சொல்லும் வழிகள் சில உண்டு. அவற்றைச் சில வருடங்களாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். எதையும் ஒரு வாரம் செய்தால் நன்றாகத்தான் இருக்கும். பல மாதம் கழித்தும் எது கூடவே நிற்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் சேர்த்துவைக்கும் செயலிகள் ரெஃபரன்ஸுக்கு அருமை. குதிரையின் பின்னங்கால் எங்கே மடங்கும், கண்ணாடிக் குவளையின் விளிம்பில் ஒளி எப்படி விழும் என்று உடனே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யோசனை தேடி உள்ளே போனால், ஏற்கெனவே பிடித்ததைப் போலவே இன்னும் நூறு வரும். எல்லாமே யாரோ முடித்துவைத்த படங்கள். பார்த்து முடிப்பதற்குள் வரையும் ஆசை தீர்ந்துவிடும். எனக்கு இதில் கிடைத்த உண்மையான பலன் வேறு. வெகுநாள் சேர்த்ததை ஒரே மூச்சில் திரும்பப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஆளில்லாத அறைகளும் சாய்வாக விழும் வெளிச்சமுமாக இருந்தன. நான் என்னை உருவப்படக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது!

தினம் ஒரு சொல் கொடுத்து வரையச் சொல்லும் பட்டியல்களில் பிரபலமானது இங்க்டோபர். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தொடங்கியது. அக்டோபரின் 31 நாளும் இங்கில் ஒரு படம். அழிக்க முடியாத கோட்டைப் போடும் பயம் போக இதைவிட நல்ல மருந்து கிடையாது. திசை மட்டும் இதில் கிடைக்காது. இன்றைக்குத் திமிங்கிலம், நாளைக்குச் சாவி என்றால் ஒரு படம் அடுத்ததற்கு வழி விடுவதில்லை. எந்தச் சொல் வந்தாலும் ஒரே அறைக்குள் நடப்பதாக வரைவது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் பட்டியல் எனக்கு வேலை செய்தது.

இனி வருவது நான் அதிக காலம் செலவழித்த இடம்: மியூசியங்களின் இணையச் சேகரிப்புகள். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் மியூசியம் 2017-இல் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். இவற்றைப் பார்ப்பதோடு நிற்காமல் பார்த்து வரைய வேண்டும். காப்பி அடிப்பது கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: டச்சு ஓவியர் வான் கோ 1889-90-இல் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களை இருபது தடவைக்கு மேல் தன் கையால் தீட்டியிருக்கிறார். கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுகள், நிறம் முழுக்க அவருடையது. ஊடகத்தை மாற்றினால் காப்பி எப்படிச் சொந்த வேலையாகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நான் செய்வது சின்னது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம், அதில் இருட்டு, நடு, வெளிச்சம் என மூன்றே டோன் (அடர்த்தி நிலை). முகம், துணி மடிப்பு எதுவும் கிடையாது. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் எச்சிங்குகளை (உலோகத் தகட்டில் கோடு அரித்துத் தாளில் எடுக்கும் அச்சுப் படங்கள்) இப்படிப் பிரித்தால், எவ்வளவு தாளை அவர் தொடாமலே விட்டிருக்கிறார் என்று புரியும். அதன் பிறகு என் ஸ்கெட்ச்புக்கில் மூலை முடுக்கெல்லாம் கோடு போட்டு நிரப்பும் பழக்கம் குறைந்தது.

இதிலும் ஒரு குறை உண்டு. திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ ஓவியம் சுமார் 24 சென்டிமீட்டர் உயரம்தான். ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ படம் கிட்டத்தட்ட 3.8 மீட்டர். அளவைப் படித்துக்கொள்ளாமல் வரைந்தால், ஓவியர் ஏன் ஒரு இடத்தை அவ்வளவு எளிதாக விட்டார் என்பது தவறாகவே புரியும்.

வெளியே கூட்டமாகப் போய் வரைவது எனக்கு ஒட்டவில்லை. கூச்சம், வேறொன்றும் இல்லை. கேட்டதை வரைந்து தரும் ஏஐ கருவிகளும் ஒட்டவில்லை. என் கேள்வியே அரைகுறையாக இருக்கும்போது முழுப் படத்தை நீட்டினால் நான் என்ன செய்வது?

கடைசியில் மேஜையில் தங்கியது, ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91-இல் வைக்கோற்போர்களை மட்டும் இருபத்தைந்து படம் வரை தீட்டினார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலை வரிசை 36 காட்சிகள் என்ற பெயரில் தொடங்கி 46-இல் முடிந்தது. நான் எடுத்துக்கொண்டது ஜன்னலோரம் கிடக்கும் ஒரு நாற்காலி. முதல் சில படங்கள் வெறும் நாற்காலிகள்தான். அப்புறம் சலிப்பு வரும், அந்த இடத்தில் பொருளை மாற்றாமல் இருக்க வேண்டும். நாற்காலியின் மீது சுவாரசியம் போனதும் கண் தானாகக் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்துக்கும், தரையில் நீளும் நிழலுக்கும் நகர்ந்தது. சேர்த்துவைத்த படங்களில் இருந்த அதே சாய்வு வெளிச்சம்! எதை வரைவது என்ற கேள்வி போய், இன்றைக்கு நிழலின் ஓரத்தைக் கூர்மையாக விடுவதா, ஈரத்தில் கரைப்பதா என்ற கேள்வி வந்துவிட்டது. இதற்குப் பதில் தேட உட்கார்ந்தால் போதும், தேடலுக்கு வேறு செயலி தேவைப்படவில்லை.

இப்போது அந்த நாற்காலியையே ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் குறைந்த நிற பேலட்டில் (நிறத் தொகுப்பில்) முயன்று பார்க்கிறேன்: எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), கறுப்பு, வெள்ளை. வாட்டர்கலர் என்பதால் வெள்ளைக்குத் தாளே போதும். ஓக்கருடன் கறுப்பைக் கலந்தால் மங்கிய ஆலிவ் பச்சை வருகிறது, மரத்துக்கும் சுவருக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் இலைகளுக்குத்தான் அது போதவில்லை. ஒரு நீலம் சேர்க்கலாமா, இலைகளையே விட்டுவிடலாமா என்று இன்னும் முடிவாகவில்லை.