குட்டி ஜிக் ஃப்ளை செட்: முள்ளுக்காகவே வாங்கலாம்

நம் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கச் செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி என்பதால், பிடோக் பக்கம் பீகாக் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஃப்ளையை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டும் செயற்கை இரை) சொந்தமாகக் கட்டிப் பார்க்க இந்த செட் நல்ல தொடக்கம். கண் பக்கம் (தூண்டில் நூல் கட்டும் துளை) 60 டிகிரி வளைந்த 10ஆம் எண் ஜிக் தூண்டில் முட்கள், பிளவு வெட்டிய டங்ஸ்டன் மணிகள், மராபூ என்ற மென்மையான இறகு, உடம்புக்குச் சுற்றும் செனில் என்ற பஞ்சுக்கயிறு, நூல் எல்லாம் இருக்கு.

முள்தான் இதில் அருமை, முனை அவ்வளவு கூர்மை. மணியின் சின்னத் துளையை முதலில் முள்முனையில் நுழைத்துக் கண் வரை தள்ளினால், பிளவு அந்த வளைவில் கச்சிதமாக உட்காருகிறது, அப்புறம் தண்ணீரில் முனை மேல்நோக்கி நிற்பதால் பாசியிலும் கல்லிலும் மாட்டுவது நிறையவே குறையும். ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தி அதிகம், அதனால் குட்டி மணியே வேகமாக இறக்கிவிடும். மராபூ வாலை முள்தண்டின் நீளத்துக்குமேல் விடாதீர்கள், மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். விரலை நனைத்துக்கொண்டு பிடித்தால் இறகு பறக்காது.

நூல் படுமோசம், இறுக்கினால் அறுகிறது. அதை மட்டும் வேறு வாங்குங்கள். முள்ளின் கம்பி மெல்லிசு, பெரிய பாஸுக்கு இந்த முள் வேண்டாம்.