குடும்பத்துக்கு ஓர் உரிமமா, ஆளுக்கொரு தேர்வா? அமெரிக்காவில் வாக்கி டாக்கி தொடங்குபவர்களுக்கு

அமெரிக்கக் கடைகளில் விற்கும் வாக்கி டாக்கிப் பெட்டிகளின் மேல் ‘35 மைல் வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மலை உச்சியில் நீங்களும் எதிர் மலை உச்சியில் உங்கள் மைத்துனரும் நின்றால் எட்டும். சமதரையில் கணக்கே வேறு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு மறைத்தால் அதோடு சரி. ஆண்டெனாவின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.4-ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானம் எத்தனை மைல் என்று கிடைக்கும். ஆறடி உயரத்துக்கு மூன்றரை மைல். எதிரே இன்னொருவரும் அப்படியே நின்றால் ஏழு மைல். நடுவில் வீடுகளும் மரங்களும் வந்துவிட்டால் ஒன்றிரண்டு மைலுக்கே இழுபறிதான். அதே கணக்கில் 200 அடிக் கோபுரத்துக்கு 20 மைல் கிடைக்கிறது. வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே பலன் தரும் என்பதால்தான், உயரத்தில் நின்று நம் அலையை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்கு இத்தனை மவுசு.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தூரத்தில்தான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: எதிர்முனையில் யார் பேசப் போகிறார்கள்?

உரிமமே வேண்டாம் என்பவர்களுக்கு எஃப்ஆர்எஸ் (ஃபேமிலி ரேடியோ சர்வீஸ்) இருக்கிறது. 1996-இல் வந்த இந்தச் சேவையில் இப்போது 22 சேனல்கள். 2017-இல் விதிகளை மாற்றியபின் அவற்றில் 15 சேனல்களில் 2 வாட் வரை அனுமதி. 8 முதல் 14 வரையிலான ஏழில் மட்டும் அரை வாட். ஆண்டெனாவைக் கழற்ற முடியாது, ரிப்பீட்டரைப் பயன்படுத்த முடியாது. முகாம் மைதானத்திலும், பனிச்சறுக்குச் சரிவிலும், இரண்டு கார்கள் முன்னும் பின்னுமாகப் போகும் பயணத்திலும் இது போதும். மர்ஸ் என்ற இன்னொரு உரிமமில்லாச் சேவையும் உண்டு: 151, 154 மெகாஹெர்ட்ஸில் ஐந்து சேனல்கள், 2 வாட். வெளி ஆண்டெனா வைத்துக்கொள்ளலாம் என்பதால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. ரிப்பீட்டர் இதிலும் கிடையாது. 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ, லாரி ஓட்டுநர்களின் உலகம். நெடுஞ்சாலை நிலவரம் கேட்க நன்று, குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கும் (ஜெனரல் மொபைல் ரேடியோ சர்வீஸ்) ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோவுக்கும் இடையில்தான்.

ஜிஎம்ஆர்எஸ் உரிமத்துக்குத் தேர்வு இல்லை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் பதிவு எண் பெற்று, விண்ணப்பித்து, 35 டாலர் கட்டினால் பத்து ஆண்டுகளுக்கு உரிமம். 2022 ஏப்ரலுக்கு முன் இது 70 டாலராக இருந்தது. குடியுரிமை தேவையில்லை, அயல்நாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாமல் இருந்தால் போதும் என்பது விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி. இதைவிடப் பெரிய செய்தி, அந்த ஓர் உரிமம் யார் யாரைத் தாங்குகிறது என்பது. கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தார், அத்தை, மாமா, சித்தப்பா, அண்ணன் பிள்ளைகள், அதற்கும் மேல் சம்பந்தி வழி உறவுகள் வரை. எஃப்சிசியில் யாரோ நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும். நண்பர் மட்டும் இதில் சேர மாட்டார். அவர் தனியாக 35 டாலர் கட்டியாக வேண்டும்.

ஹாம் உரிமத்துக்கும் கட்டணம் 35 டாலர், காலம் பத்து ஆண்டுகள். ஆனால் தேர்வு உண்டு. முதல் நிலையான டெக்னீஷியனுக்கு 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்வி வங்கி முழுவதும் விடைகளோடு வெளிப்படையாகக் கிடைப்பதால், பிளஸ் டூ இயற்பியலை மறந்தவரும் சில வாரங்களில் தேறலாம். வயது வரம்பு இல்லை. சிக்கல், உரிமம் தேறியவருக்கு மட்டுமே என்பதில். அப்பா தேறிவிட்டார் என்பதால் அம்மா தன்னிச்சையாக மைக்கைப் பிடிக்க முடியாது; உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்து நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும்போது மட்டும் பேசலாம். காணாமல் போன பிள்ளையைத் தேடும் நேரத்தில் அந்த ‘பக்கத்தில் இருந்து’ எவ்வளவு இடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தொழிலிலும் வேறுபாடு உண்டு. ஜிஎம்ஆர்எஸ்ஸில் சொந்தத் தொழில் விஷயம் பேசலாம், ஹாமில் கூடாது.

சரி, ரிப்பீட்டர் விஷயத்துக்கு வருவோம். ஹாம் பலமாக முன்னேறுவது இங்கேதான். ஜிஎம்ஆர்எஸ்ஸில் ரிப்பீட்டருக்கென்று நாடு முழுவதற்கும் எட்டே அலைவரிசை இணைகள். 462 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டர் பேசும். நாம் அதற்கு 5 மெகாஹெர்ட்ஸ் மேலே, 467-இல் பேச வேண்டும். பெருநகரில் எட்டு இணைகளும் நெருக்கியடிக்கும்.  ஹாமுக்கு 144–148 மெகாஹெர்ட்ஸ், 420–450 மெகாஹெர்ட்ஸ் என்று விரிந்த வயல். ஒன்றோடொன்று மோதாமல் ஒருங்கிணைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹாம் ரிப்பீட்டர்களை இணையத்தின் வழியாக இணைத்து ஊர்விட்டு ஊர் பேசலாம். ஜிஎம்ஆர்எஸ்ஸில் அப்படி இணைப்பதை எஃப்சிசி ஏற்பதில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவைப் புரட்டிப்போட்டு, செல்பேசி கோபுரங்கள் செயலிழந்தபோது, மவுண்ட் மிட்செல் உச்சியில் இருந்த ஹாம் ரிப்பீட்டரைச் சுற்றித்தான் உதவிக் குரல்கள் கூடின. அப்படிப்பட்ட பழக்கமும் ஒழுங்கும் ஹாம்காரர்களிடம் ஊறியவை.

ஜிஎம்ஆர்எஸ் ரிப்பீட்டர் பெரும்பாலும் யாரோ ஒரு தனிமனிதர் அல்லது சிறு குழு சொந்தச் செலவில் வைத்தது. அதில் பேச யாருக்கும் பிறப்புரிமை இல்லை. சிலர் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். சிலர் முன்கூட்டியே கேட்கச் சொல்வார்கள். கேட்டுவிடுவதே மரியாதை. அதனால் 50 வாட் கார் ரேடியோவுக்கு ஆசைப்படுவதற்கு முன், உங்கள் ஊரை எட்டும் ரிப்பீட்டர் எது, உரிமையாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். எதுவும் எட்டவில்லை என்றால், அங்கே ஜிஎம்ஆர்எஸ்ஸின் பாதிப் பெருமை போய்விடுகிறது. மீதமுள்ள பாதியும் எஃப்ஆர்எஸ்ஸை விடச் சற்றே வலுவான நேரடிப் பேச்சுதான்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ரிப்பீட்டரில் மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும். இவர்கள் பேசினால் பதிலே வராது. ரேடியோ பழுது என்று கடையில் திருப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் டோன். காதுக்கு எட்டாதபடி குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி அது, 141.3 ஹெர்ட்ஸ் என்று ரிப்பீட்டர் எதிர்பார்த்தால், அது இல்லாத குரலுக்குக் கதவு திறக்காது. சரியான டோனை அனுப்பும் பக்கத்தில் அமைத்துவிட்டு, பொத்தானை அழுத்தி, அரை நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் அசை அறுந்து போகும். பொத்தானை விட்டதும், ரிப்பீட்டரின் அலை ஓரிரு நொடி தொங்கிவிட்டு ‘டக்’கென்று விழும் சத்தம் கேட்கும். அது கேட்டால் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். இதே டோனைத்தான் சில பெட்டிகளில் ‘தனியுரிமைக் குறியீடு’ என்று விற்கிறார்கள். தனியுரிமை துளியும் இல்லை. உங்களுக்குப் பிறர் பேச்சு கேட்காமல் செய்யும், பிறருக்கு உங்கள் பேச்சு தாராளமாகக் கேட்கும்.

வாங்கும்போது கவனிக்க: ஜிஎம்ஆர்எஸ் என்று போட்டிருக்கும் எல்லாக் கைக்கருவியும் ரிப்பீட்டரில் பேசாது. ‘ரிப்பீட்டர் வசதி உண்டு’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எஃப்சிசி விதிகளில் இந்தச் சேவைகளுக்கான 95-ஆம் பகுதியின் கீழ் பெற்ற சான்று இருக்க வேண்டும். ஹாம்காரர்கள் வைத்திருக்கும் மலிவான பாவ்ஃபெங் யுவி-5ஆர் இந்தச் சேவைக்குச் சான்று பெற்றதல்ல. தூரத்து உறவினரிடம் 22 சேனல் உள்ள எஃப்ஆர்எஸ் கருவி இருந்தால் தூக்கியெறிய வேண்டாம். ரிப்பீட்டர் பேசும் 462 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் அதிலும் இருப்பதால், அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்க முடியும்.

என் தேர்வு இது: வீட்டில் மூன்று பேருக்கு மேல் பேச வேண்டுமென்றால் ஜிஎம்ஆர்எஸ், ரிப்பீட்டர் வசதியுள்ள 5 வாட் கைக்கருவிகள் இரண்டு. கார் ரேடியோவும் கூரை ஆண்டெனாவும் அப்புறம். வீட்டில் யாராவது ஒருவருக்கு அலை எப்படிப் போகிறது என்ற அரிப்பு வந்துவிட்டால், அவர் மட்டும் ஹாம் தேர்வு எழுதட்டும். இரண்டு உரிமங்களையும் ஒருவரே வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் உரிமத்தோடு தரப்படும் அடையாளமான அழைப்புக்குறிகள் வேறு வேறு, கலந்து சொல்லக் கூடாது. ஜிஎம்ஆர்எஸ்ஸில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் பேச்சு முடியும்போதும் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். ஹாமில் 10 நிமிடம். ஜிஎம்ஆர்எஸ் உரிமம் இந்தியாவில் செல்லாது, அதனால் விடுமுறைக்குப் போகும்போது கருவியைப் பெட்டியில் போடாதீர்கள். விண்ணப்பித்துவிட்டு உரிமம் வரும்வரை ரேடியோவை ஆன் செய்து உள்ளூர் ரிப்பீட்டரைக் கேட்டுக்கொண்டிருங்கள். கேட்பதற்கு உரிமம் தேவையில்லை.