தெர்மாகோல் மலையா, காகிதக்கூழ் மலையா? மாதிரி ரயிலுக்கு ஒரு மதுரைக் கணக்கு

சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால் ஒரு பூங்கா இருக்கும். தட்டில் மண் பரப்பிக் கடுகு தூவினால் மூன்று நாளில் புல். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். அதைச் சுற்றி, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். பத்து நாள் முடிந்ததும் எல்லாம் பரணுக்குப் போய்விடும். எனக்கு மட்டும் அந்த ரயில் பரணுக்குப் போகவே இல்லை.

இப்போது மாடியறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை. ஒரு பக்கம் ஆனைமலை (மதுரை ஒத்தக்கடையில் படுத்த யானை மாதிரி கிடக்கும் பாறைக்குன்று), இன்னொரு பக்கம் கூடல் நகர் சரக்குக் கொட்டகை, நடுவில் வைகை. எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. மலையை எதில் செய்வது, வேகனை எதில் செய்வது என்ற இரண்டு கேள்விக்கும் நாலைந்து வழி முயன்று, பாதியைக் குப்பையில் போட்டாகிவிட்டது. அந்தக் கணக்குதான் இது.

தண்டவாளம் பற்றி முதலில் ஒரு வார்த்தை. எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். ஆக நம் ஊர் வேகனை 16.5-ல் ஏற்றினால், பெரிய ஆள் குட்டை முக்காலியில் உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் தெரியும். மீட்டர் கேஜ் என்றால் 11.5 வரும், கடையில் கிடைப்பது 12, கிட்டத்தட்ட கச்சிதம். 2010 கடைசியோடு நின்றுபோன பழைய போடி வண்டியை நினைத்தால் அதைத்தான் போடத் தோன்றும். ஆனால் 12 மி.மீ. தண்டவாளமும் எஞ்சினும் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. போடிக்கே 2023-ல் அகலப்பாதையில் ரயில் போய்விட்டது, நாமும் 16.5-லேயே போவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மலை: மூன்று வழி

தெர்மாகோல்தான் எல்லோரும் முதலில் தொடுவது. கல்யாண மண்டப அலங்காரத்தில் மிஞ்சிய துண்டுகள் சும்மாவே கிடைக்கும். எடை இல்லை, அடுக்கி ஒட்டிக் கத்தியால் சீவினால் ஒரு மாலையில் மலை நின்றுவிடும். குறை என்னவென்றால், அது எதைப் பார்த்தாலும் உருகும். என் முதல் ஆனைமலைக்கு ஆசையாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் யானையின் முதுகில் குழி விழுந்து, தும்பிக்கை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பெயின்டில் இருந்த தின்னர் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. ரப்பர் பசையும் அப்படித்தான். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் தண்ணீரில் கரையும் பெயின்டும் மட்டும்தான் அதற்கு ஆகும். சீவும்போது பறக்கும் வெள்ளை மணிகள் தனி இம்சை. மின்விசிறியைப் போட்டீர்களோ, தீபாவளி வரை மூலை மூலையாகப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கசக்கிய அலுமினியத் தாளில் ஊற்றி, இறுகியதும் உரித்தால் அசல் பாறை மாதிரி வெடிப்பும் மடிப்பும் வரும். வீடியோக்களில் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். நானும் மயங்கிப்போய்ச் செய்தேன். பார்க்க அருமை. ஆனால் அது ஆனைமலை இல்லை, சுவிட்சர்லாந்து. இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த முறை கூரிய முகடுள்ள மலைகளுக்கு உண்டானது. நம் ஆனைமலையோ வெயிலும் மழையும் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று உருண்ட ஒரே கல். ஒத்தக்கடைப் பக்கம் நின்று பார்த்தால் மடிப்பே கண்ணில் படாது. மேலிருந்து மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் மட்டும் நீளநீளமாக இறங்கும். அத்தோடு பிளாஸ்டர் கனம் வேறு. பலகையின் ஒரு பக்கம் தொய்ந்து, தண்டவாளத்தில் சரிவு விழுந்துவிட்டது.

மூன்றாவது காகிதக்கூழ். அதற்கு விளாச்சேரிக்குப் போனேன். கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பேர்போன ஊர், மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கொண்டுபோன கூழ் உருண்டையை ஒரு பெரியவர் கையில் வாங்கி ஒரு தடவை அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. "தம்பி, இதுல பாதி தண்ணியால்ல இருக்கு. துணியில கட்டிப் பிழிஞ்சுட்டு அப்புறம் பசையைச் சேருங்க. இல்லாட்டி காயுறதுக்குள்ள பூஞ்சை பூத்துரும்" என்றார். செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து, மிக்சியில் அடித்து, அவர் சொன்னபடி பிழிந்து, மைதாப் பசையும் ஒரு கை சுண்ணாம்புப் பொடியும் சேர்த்துப் பிசைந்தேன். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசையில் போடுவார்களே மயில்துத்தம், அதையும் ஒரு சிட்டிகை போட்டேன், பூச்சி அண்டாமலிருக்க. அது விஷம், சமையலறைப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. கை கழுவாமல் எதையும் தொடவும் கூடாது.

கூழை ஈரக் கையால் தடவித் தடவி இழுத்தால், அந்த உருண்டை முதுகு தானாக வருகிறது. காயும்போது லேசாகச் சுருங்கி மேலே ஒரு சொரசொரப்பு விழும், அதுவே பாறைத் தோல். நேரம்தான் தண்டனை: சித்திரை வெயிலில் மூன்று நாளில் காய்வது ஐப்பசியில் பத்து நாளானாலும் உள்ளே ஈரமாக இருக்கும்.

என் முடிவு: உள்ளே தெர்மாகோல், மேலே அரை அங்குலம் கூழ். எடையும் குறைவு, உருவமும் நம் ஊர் உருவம். பிளாஸ்டரை நான் கைவிட்டேன். கொடைக்கானல் ஏறும் மலைச்சரிவு செய்பவர்களுக்கு வேண்டுமானால் அது உதவும். ஒன்று மட்டும் தெர்மாகோலுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்: மேலூர், கீழவளவுப் பக்கத்துக் கிரானைட் குவாரி. அங்கே மலை கேக் வெட்டிய மாதிரி நேர்க்கோட்டில் நிற்கும். சூடான கம்பியால் தெர்மாகோலை அறுத்தால் அதே சுவர் கிடைக்கும், கூழில் அது வரவே வராது.

அளவில் ஏமாற்றித்தான் ஆகவேண்டும். ஆனைமலை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் 34 மீட்டர். என் வீட்டில் ஆரம்பித்தால் தெருமுனையில்தான் தும்பிக்கை முடியும். ஆகவே மலையை மூன்றடியாகச் சுருக்கி, அடிவாரத்து வீடுகளையும் கொஞ்சம் சிறிதாகவே வைத்தேன். கண் நம்பிவிடுகிறது.

வைகைக்கு என்ன செலவு என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆற்றுக்கு ரெசின் என்ற, இறுகினால் கண்ணாடி போலாகும் பிசினை ஊற்றுகிறார்கள். நமக்குச் சலித்த மணலும் ஓரமாய்க் கொஞ்சம் ஆகாயத்தாமரையும் போதும்.

ஜல்லிக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும். ரயில்வே ஜல்லி ஏறக்குறைய 20 முதல் 65 மி.மீ. வரை. நம் அளவில் கால் மி.மீ. முதல் முக்கால் மி.மீ. எம்-சாண்டை முதலில் ரவைச் சல்லடையில் சலித்து, விழுந்ததை டீ வடிகட்டியில் மறுபடி சலித்து, வடிகட்டியில் தங்குவதை எடுங்கள். ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் ஜல்லி போலத் தெரியாது. பரப்பிய பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலை, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்து, ஊசி போடும் சிரிஞ்சால் விடவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

வேகன்: அட்டை, பிளாஸ்டிக், 3டி பிரிண்ட்

கூடல் நகரில் கொஞ்ச நேரம் நின்றால் மூடிய பி.சி.என். வேகனும் திறந்த பாக்ஸ்என் வேகனும் கண்ணில் பட்டுவிடும். நான் எடுத்துக்கொண்டது பாக்ஸ்என். அசல் உடல் நீளம் 9,784 மி.மீ., அகலம் 3,200, தண்டவாளத்திலிருந்து உயரம் 3,225. நம் அளவில் 112.5, 37, 37. அகலமும் உயரமும் ஒன்றே என்பதால், சக்கரத்தோடு சேர்த்துத் தலைப்பக்கம் பார்க்கக் கிட்டத்தட்ட சதுரம்.

ரெடிமேடாக வாங்கலாம். ஆனால் சுலபமாகக் கிடைப்பது அமெரிக்க, ஐரோப்பிய வண்டிகள்தான். கூடல் நகரில் ஜெர்மன் வேகன் நின்றால் எனக்குச் சோறு இறங்காது.

அட்டையில் செய்வது என் சாய்வு, மறைக்கவில்லை. நல்ல அட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? தை பிறந்துவிட்டால் வாரம் மூன்று கல்யாணப் பத்திரிகை. இரண்டை ஒட்டினால் ஒரு மி.மீ.க்குள் கெட்டியான சுவர். மூன்றாவதிலிருந்து ஒரு மி.மீ. அகலக் கீற்றுகள் அறுத்து நிற்கவைத்து ஒட்டினால், வெளிப்பக்கத்து இரும்புப் பட்டைகள் தயார். என் ஒரு வேகனுக்குள் எட்டிப் பார்த்தால் தங்க எழுத்தில் "அன்புடையீர்" என்று தெரியும். ஒரு விஷயம் கவனம்: அட்டையை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் திசை வேகனின் நீளவாட்டில் வரவேண்டும். இது தெரியாமல் செய்த முதல் நாலு வேகனும் ஐப்பசி மழையில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டன. இப்போது தச்சர்கள் பூசும் பிரெஞ்ச் பாலிஷை உள்ளும் புறமும் இரண்டு கை பூசிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் வளையவில்லை.

ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட் இதைவிட நேர்த்தி. கோடு கீறி ஒடித்தால் ஓரம் கத்தி மாதிரி வரும், அதற்கான கரைப்பான் தொட்டால் இரண்டும் ஒன்றாகவே உருகிச் சேர்ந்துவிடும், ஈரத்துக்கு அசையாது. ஒரே குறை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் ஃபோம் ஷீட் அதற்கு மாற்று என்பார்கள், இல்லை. வெட்டிய ஓரம் பஞ்சு மாதிரி இருக்கும், வேகன் பிஸ்கட் துண்டு போலத் தெரியும்.

3டி பிரிண்ட் விஷயத்தில் கொஞ்சம் கணக்கு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வைக்கும் சாதாரண இழை பிரிண்டரில் ஓர் அடுக்கு 0.2 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 17 மி.மீ.க்கு மேல். அசல் வேகனின் பக்கத்தகடு அதில் பாதிப் பருமன்கூட இல்லை! ஆக அந்த வரிகள் கண்ணைக் குத்தும், உப்புத்தாள் போட்டே நாள் போய்விடும். திரவ ரெசினை அடுக்கடுக்காக இறுக்கும் ரெசின் பிரிண்டரில் 0.05 மி.மீ., வரி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இறுகாத ரெசின் கையில் படக்கூடாது, கழுவுவது தனி வேலை. இழையில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகை என்றால் 60 டிகிரியிலேயே தளரும். நான் வெளியே கொடுத்து அடித்து வாங்கிய இரண்டு வேகனை மே மாதம் காருக்குள் மறந்துவிட்டு மீனாட்சி கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவை வேகன் மாதிரியே இல்லை.

ஆனாலும் போகி எனப்படும் சக்கரச் சட்டத்துக்கு ரெசின் பிரிண்டை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங், வளைவு, துளை என்று அத்தனை நுணுக்கத்தையும் கத்தரிக்கோலால் யார் வெட்டுவது? உடல் அட்டை, போகி ரெசின் பிரிண்ட் என்று பிரித்துக்கொண்டேன்.

சக்கரத்தையும் கொக்கியையும் மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். உடலில் அரை மி.மீ. பிசகினால் யாருக்கும் தெரியாது. சக்கரத்தில் பிசகினால் ஒவ்வொரு வளைவிலும் தடம் புரளும். அசல் சக்கரம் 1,000 மி.மீ., நமக்கு 11.5. சுலபமாகக் கிடைக்கும் அமெரிக்க அளவு 10.5, பரவாயில்லை. கொக்கியில் நமக்கு அதிர்ஷ்டம்: பாக்ஸ்என்னில் இருப்பது நடுவில் கை கோர்க்கும் வகை, அமெரிக்க வண்டிகளிலும் அதே ஜாதிதான். கேடி (Kadee) என்ற அமெரிக்கக் கம்பெனியின் கொக்கியை மாட்டினால் உறுத்தவே உறுத்தாது.

கடைசியில் எடை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் வழி: ஓர் அவுன்ஸ், அத்தோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நம் வேகனுக்கு 91 கிராம். அட்டை உடலும் சக்கரமும் சேர்ந்து என் தராசில் 20 கிராம்தான் வந்தது. பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று 9 கிராம். வேகன் தரையில் நாலு நாலாக இரண்டு அடுக்கு வைத்தால் 72. மேலே இடித்த அடுப்புக்கரியைப் பரப்பி ஒட்டிவிட்டேன், நிலக்கரி லோடு. நாற்பது ரூபாய் முடங்கிக் கிடக்கிறதே என்று வீட்டில் கேட்டார்கள்; மாதிரி ரயிலில் இதுதான் குறைந்த முதலீடு என்று சொல்லிவிட்டேன்.

மரங்களில் சீமைக்கருவேலம் சுலபம்: தேங்காய் நாரைப் பிய்த்துப் பசையில் தோய்த்து, சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் முடிந்தது. தென்னைக்குப் புறா இறகை ஓரம் கத்தரித்தால் ஓலை. பனைதான் படுத்துகிறது. விசிறி ஓலையைக் காகிதத்தில் வெட்டினால் குடை மாதிரி இருக்கிறது, துணியில் வெட்டினால் முட்டைக்கோஸ். இப்போதைக்கு ஆனைமலை அடிவாரத்தில் ஆறு மொட்டைப் பனைகள் நிற்கின்றன. கேட்பவர்களிடம் இடி விழுந்துவிட்டது என்று சொல்கிறேன்.