மீட்ட மட்டக்குதிரை: காப்பகத்திலா, வீட்டிலா?

ஊட்டியில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த மட்டக்குதிரைகள், முதுகில் சேணப் புண்ணோடு குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனம் பதைக்கும். அப்படி ஒன்றை மீட்டபின் காப்பகத்திலேயே வைத்திருப்பதா, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதா?

முதல் சில மாதங்கள் காப்பகம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டுக் கொள்ளையும் தவிட்டையும் அள்ளி வைத்தால், இரத்தத்தில் பாஸ்பரஸும் மக்னீசியமும் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். உலர்ந்த குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, நாள்போக்கில்தான் அளவைக் கூட்ட வேண்டும். நள்ளிரவிலும் இதைச் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள்? கை ஓங்கினாலே நடுங்கும் குதிரைக்கு, பக்கத்தில் நிதானமாக மேயும் மற்ற குதிரைகளும் பெரிய மருந்து.

சரி, தேறிய பிறகு? வீடு நல்லதுதான். ஒரே ஆளின் குரலும் கையும் பழகும். காப்பகத்தில் அடுத்த குதிரைக்கு இடமும் கிடைக்கும். ஆனால் மட்டக்குதிரை 25, 30 வருடம் வாழும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும். துணைக்கு இன்னொரு குதிரை இல்லாத வீட்டுக்கு நான் கொடுக்கவே மாட்டேன். மறுபடி சவாரிக்கு விற்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறமும் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.

வயது முதிர்ந்தது, கால் நிரந்தரமாக ஊனமானது என்றால் காப்பகத்திலேயே இருக்கட்டும்.