ஒரே ஒரு ரத்த அறிக்கையைக் காட்டிக் கல்லீரல் தூள் விற்றார்கள்

முழு உடல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த மறுநாள், எந்த மருத்துவரும் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பாகவே, பரிசோதனை நிறுவனத்தின் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என் கல்லீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார். கல்லீரல் பரிசோதனையில் அளக்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 118, எஸ்.ஜி.பி.டி. 64 என்று அறிக்கையில் சிவப்பு எழுத்தில் இருந்தன. இரண்டுக்கும் அவர்கள் கொடுத்திருந்த மேல் வரம்பு 40. பயந்துபோன நான், அவர் சொன்ன ‘கல்லீரல் சுத்திகரிப்பு’த் தூளை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே வாங்கிவிட்டேன்.

அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களும் வீடு மாற்றுவதற்காக அலமாரிகளையும் மூட்டைகளையும் தூக்கி, கை கால் அசைக்க முடியாத வலியில் இருந்தேன். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலுக்கு மட்டும் உரிய நொதி அன்று. தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் அது இருக்கிறது. கடும் உழைப்பில் தசை நோகும்போது அது ரத்தத்தில் கசிகிறது, எஸ்.ஜி.பி.டி.யும் ஓரளவு உயரும். தசையிலிருந்து வந்ததா என்று அறிய சி.பி.கே. என்ற எளிய பரிசோதனை உண்டு. அதைச் செய்திருக்கலாம், அல்லது சில நாள் ஓய்வுக்குப் பின் மீண்டும் ரத்தம் எடுத்திருக்கலாம்.

‘பாதி கெட்டுவிட்டது’ என்ற பேச்சுக்கும் அடிப்படையே இல்லை. இந்த நொதிகள் செல்கள் சேதமடைவதைக் காட்டுமே தவிர, கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளப்பதில்லை. அதை அறிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, கல்லீரல் உருவாக்கும் அல்புமின் என்ற புரதம், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கல்லீரல் சுருங்கி இறுகிப்போன சிலருக்கு நொதிகள் வரம்புக்குள்ளேயே இருப்பதும் உண்டு. என் அறிக்கையில் பிலிருபின் 0.8, அல்புமின் 4.3, இரண்டும் இயல்பான அளவுகள். அந்த வரிகளை அவர் வாசிக்கவே இல்லை.

ஐந்தாவது வாரத்தில் சோர்வும் குமட்டலும் வந்து, சிறுநீர் அடர்நிறமாயிற்று. அதே ஆலோசகரை அழைத்தபோது, நச்சு வெளியேறுவதன் அறிகுறி அது என்றும், தூளை இரண்டு மடங்காக எடுக்குமாறும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால், அந்த நிமிடமே பொருளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான் சென்றபோது எஸ்.ஜி.பி.டி. 412, பிலிருபின் 2.6. மருத்துவர் முதலில் கேட்டது, வேறு என்னென்ன மாத்திரை, தூள், கஷாயம் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். சி.பி.கே. இயல்பாக இருந்ததால் இம்முறை தசை காரணமில்லை. மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான சோதனைகளிலும் ஸ்கேனிலும் எதுவும் இல்லை. ஒரு மருந்தால் எஸ்.ஜி.பி.டி. மேல் வரம்பின் மூன்று மடங்கையும், பித்த அடைப்பு இல்லாமலே பிலிருபின் இரண்டு மடங்கையும் தாண்டினால், பத்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழப்போ கல்லீரல் மாற்று சிகிச்சையோ நேரலாம் என்று ஹைமன் சிம்மர்மன் என்ற கல்லீரல் மருத்துவர் கவனித்த விதியை அவர் விளக்கியபோது, நான் எந்த விளிம்பில் நின்றேன் என்பது புரிந்தது. தூளை நிறுத்திய பிறகு அளவுகள் வாரத்துக்கு வாரம் இறங்கி, பத்தாவது வாரத்தில் வரம்புக்குள் வந்தன. வேறு காரணங்கள் விலக்கப்பட்டதாலும், நிறுத்தியதும் இறங்கியதாலும், தூள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் பதிவு செய்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அது மருந்தல்ல, உணவுப் பொருள் என்று எழுதி அனுப்பினார்கள். மருத்துவர் பார்க்க விரும்பியதால் மீதித் தூளை எடுத்துச் சென்றேன். டப்பாவின் மேல் ‘மூலிகைக் கலவை’ என்றிருந்ததே தவிர, எந்த மூலிகை எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை.