8 கிலோ கேரட் நறுக்கினால் ‘கமர்ஷியல் யூஸ்’ என்றார்கள்: ஃபுட் ப்ராசஸர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தோட்டத்துக் காய்களை நறுக்கி ஃப்ரீசரில் வைக்கலாம் என்று ஃபுட் ப்ராசஸர் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு 9,490 ரூபாய் போனது. அதைவிட, ஒரு பறிப்புக் கேரட்டை அப்படியே உரக்குழியில் கொட்ட வேண்டி வந்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுக்குக் கோத்தகிரி பக்கம். வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் நிலத்தில் கேரட், பீன்ஸ், பட்டாணி, கொஞ்சம் காலிஃப்ளவர் போடுகிறோம். பீன்ஸ் காய்க்க ஆரம்பித்துவிட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆகணும், விட்டால் நார் ஏறிவிடும். அக்கம்பக்கம் கொடுத்தது போக மிச்சத்தை வெந்நீரில் முக்கி எடுத்து ஃப்ரீசரில் வைப்பது எங்கள் வழக்கம். நறுக்குவதுதான் பெரும் பாடு. அத்தனையையும் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து என் மாமியார்தான் நறுக்குவார். இப்போது அவருக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. அவருக்காகத்தான் மெஷின் வாங்கப் போனோம்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடை. விற்பனைக்கு நின்ற பையனிடம் தெளிவாகவே சொன்னேன். “தம்பி, ஒரு பறிப்புக்கு ஏழெட்டு கிலோ வரும். கேரட் சாம்பாருக்குப் போடுற மாதிரி சதுரமா வரணும், பீன்ஸ் ஒரு இஞ்ச் நீளத்துக்கு வரணும்.”

“தாராளமா போடலாம்க்கா. 1000 வாட்ஸ். விசேஷ வீட்டுக்கே நறுக்கிடும்” என்றான். தோல் சீவித் தயாராக வைத்திருந்த ஒரே ஒரு கேரட்டை உள்ளே விட்டான். ஐந்து நொடியில் வட்ட வட்டமாக விழுந்தது. பெட்டியின் மேலே சின்னச் சின்ன சதுரமாக நறுக்கிய கேரட் படம் இருந்தது. அதைக் காட்டி, “இதுவும் வரும்க்கா” என்றான். நம்பினேன்.

வீட்டில் வந்து பிரித்தால் சதுரமாக வெட்டும் தட்டு பெட்டியில் இல்லை. போன் செய்தால், “அது தனியா வாங்கணும்க்கா, இப்ப ஸ்டாக் இல்ல.” பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், ‘படம் விளக்கத்துக்கு மட்டும்’ என்று எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி. மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தால் 600 வாட். அந்த 1000 என்பது மோட்டார் கணநேரம் எட்டக்கூடிய உச்ச அளவாம். தொடர்ந்து வேலை செய்யும் அளவு தகட்டில் இருப்பதுதான். கடையில் வைத்தே கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பாருங்கள்.

சதுரமாக வராவிட்டால் என்ன, பொரியலுக்கு எப்படி இருந்தாலும் சரிதானே என்று தோன்றலாம். அன்றைக்கே சமைப்பதற்குச் சரி. ஃப்ரீசருக்குச் சரிப்படாது. காயில் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும், நிறமும் மணமும் கெடும். அதை நிறுத்தத்தான் கொதிநீரில் முக்குகிறோம். நறுக்கிய கேரட்டுக்கு 2 நிமிஷம், பீன்ஸுக்கு 3 நிமிஷம். எங்கள் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் நாங்கள் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்கிறோம். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் அதே நேரம் போட்டு, துணியில் ஈரம் போகப் பரப்பி, பிறகு ஃப்ரீசர். துண்டெல்லாம் ஒரே பருமனாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தடியும் மெலிசும் கலந்திருந்தால் மெலிசு குழைந்துவிடும், தடிக்கு நடுவில் சூடு ஏறாது. அரைகுறையாகச் சூடு பட்ட துண்டு, முக்காமலே வைத்ததைவிடச் சீக்கிரம் கெடும்.

இந்த மெஷினில் வந்தது அப்படித்தான். ஸ்லைஸ் தட்டில் கேரட் காகிதம் மாதிரி 2 மில்லிமீட்டர். பீன்ஸை நிற்க வைத்து விட்டால் பொடிப்பொடி வட்டம், படுக்க வைத்து விட்டால் நீளவாக்கில் கிழிசல். ஒரு இஞ்ச் துண்டு எந்த வகையிலும் வரவில்லை. நடுக்கத்தியைப் போட்டால் அடியில் கூழ், மேலே அரைக் கேரட். 3 லிட்டர் கிண்ணம் என்று பெயர், ஒரு கிலோவுக்கு மேல் கொள்ளாது.

மூன்றாவது பறிப்பு 8 கிலோ கேரட். கையேட்டில் 5 நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே என்று இருந்ததால் போனில் டைமர் வைத்து, நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினேன். ஆறாவது கிலோவில் கரகரவென்று சத்தம். நிறுத்தித் தட்டைத் தூக்கினேன். ஆரஞ்சு வட்டங்களுக்கு நடுவே வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ கிடந்தது. தேங்காய்த் துருவல் மாதிரிதான் இருந்தது. விரலால் நசுக்கினேன், நசுங்கவில்லை. பிளாஸ்டிக். தட்டைச் சுழற்றும் தண்டின் அடியில் இருக்கும் பல் தேய்ந்து, சீவல் சீவலாகக் காயில் விழுந்திருக்கிறது. முன்னால் நறுக்கிய ஐந்து கிலோவில் எப்போதிருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் என்னோடு பேசியவர் முதலில் கேட்டது, “ஒரே நாள்ல எத்தனை கிலோ போட்டீங்க?” நான் ஒளிக்காமல் சொன்னேன். உடனே ஜாப் ஷீட்டில், அதாவது பழுது விவரம் எழுதும் தாளில், ‘கமர்ஷியல் யூஸ்’ என்று எழுதிவிட்டார். வாரண்டி கிடையாது. “சார், விக்கிறதுக்கில்ல, வீட்டுக்குத்தான்” என்றேன். “அளவைப் பாத்துதான் எழுத முடியும்மா” என்றார். போதாக்குறைக்கு, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘5 வருட வாரண்டி’ மோட்டாருக்கு மட்டும்தான். தேய்ந்து போகிற பல், கத்தி, கிண்ணம் எதற்கும் கிடையாது என்று அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கிறது.

ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் அப்படியே போடவில்லை. ‘வீட்டு உபயோகம் மட்டும், மேலே உள்ளதை ஏற்கவில்லை’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டேன். இதுவரை செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நிறுவனம் தந்த பதில்: பாதி விலைக்குப் புதுத் தண்டு. காயில் பிளாஸ்டிக் விழுந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. எங்களுக்கு ஊட்டி.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் உங்கள் தோட்டத்துக் காயையே இரண்டு கிலோ கடைக்குக் கொண்டுபோய் நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். சதுரத் தட்டு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். தண்டையும் பல்லையும் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள், உலோகமா பிளாஸ்டிக்கா என்று அங்கேயே தெரியும். ‘ஒரு நேரத்துக்கு இத்தனை கிலோ, வீட்டு உபயோகம்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வெள்ளைச் சுருள்களை ஒரு கவரில் போட்டு, பில், ஜாப் ஷீட், பெட்டியின் படம் எல்லாவற்றோடும் வைத்திருக்கிறேன். மனு போன வாரம் கொடுத்தாயிற்று. விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.