அம்பாசிடருக்குள் இசூசு எஞ்சின்: செம்பு ரேடியேட்டரா அலுமினியமா, சொந்த ராக்கா வேறு வண்டி ராக்கா?

பெங்களூரு அல்சூரில் மாமாவின் மார்க் 3 அம்பாசிடருக்கு 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, 1817 சிசி இசூசு பெட்ரோல் எஞ்சினை ஏற்றினோம். பின்னாளில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இந்த எஞ்சினை அம்பாசிடரில் போட்டு விற்றதால், அது பெரிய பாடில்லாமல் உட்கார்ந்துவிட்டது. நாட்களைத் தின்றது ரேடியேட்டரும் ஸ்டீயரிங்கும்தான்.

முதலில் ரேடியேட்டர். ஒரு வழி, பழைய செம்பு ரேடியேட்டரின் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக உள்ள புதுக் கோர் போடுவது. இன்னொன்று, உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் ஒரு அலுமினிய ரேடியேட்டர் வாங்கி, பிடிமானத்தை வெட்டி ஒட்டுவது. அலுமினியம் எடை குறைவு. குழாய் அகலமாக இருப்பதால் வெப்பத்தையும் நன்றாகவே கழிக்கும். ஆனால் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளுக்குள் அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் தவிர வேறெதுவும் கூடாது. பழைய வண்டிக்காரர் வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றுபவர். மாமாவும் அப்படித்தான்.

சிவாஜிநகரில் ஒரு சந்துக்கடை. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார் பெரியவர். ஓரத்திலிருந்து பொடிப்பொடியாக நான்கு குமிழி எழும்பியது. அந்த இடத்தைச் சுரண்டி, சுடர் காட்டி, ஈயத்தை ஓடவிட்டார். "தம்பி, இத எந்த ஊர்லயும் பத்தவச்சுக்கலாம்" என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. செம்புதான்.

ஆனால் எதைப் போட்டாலும் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுடு, அதாவது காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு, இல்லாவிட்டால் வீண். சில்க் போர்டு நெரிசலில் இருபது நிமிடம் நின்றபோது எங்கள் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஷ்ரவுடு போட்ட பிறகு அதே இடத்தில் நடுவிலேயே நின்றது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் மூடியிலும் கவனம் வேண்டும். மூடி தாங்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். அதற்காக, பழைய தொட்டி தாங்காத அழுத்தத்துக்கு மூடி போடக் கூடாது. ரேடியேட்டரின் மேல்தொட்டி, எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைவிடத் தாழ்வாக இருந்தால் காற்று சிக்கும். அப்போது உயரத்தில் தனியாக ஒரு தொட்டி வைத்தாக வேண்டும்.

ஸ்டீயரிங்கில் என் கருத்து இன்னும் உறுதியானது. ராக் என்பது ஸ்டீயரிங் திரும்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு. காயலாங்கடையில் வேறு வண்டியின் பவர் ஸ்டீயரிங் ராக் மலிவாகக் கிடைக்கும், ஆசையும் காட்டும். ஆனால் ராக்கின் நீளமும் உயரமும் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் கீல்களோடு ஒத்துப்போகாவிட்டால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகவே திரும்பும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் துள்ளும். நம் ஊர் சாலையில் இது உயிருக்கு ஆபத்து. போட்டே தீருவேன் என்பவர், ஸ்பிரிங்கின் பாரத்தை எடுத்துவிட்டு, ஜாக்கால் சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி, டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும்.

நாங்கள் சொந்த ராக்கைத் தொடவே இல்லை. ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து ராக்குக்குப் போகும் தண்டு (காலம்) மட்டும் எஞ்சினின் சூடான புகைக்குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போனதால், நடுவில் கோணத்தில் வளைந்தும் சுழலும் யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டு போட்டு விலக்கினோம். ஸ்டீயரிங் தண்டை ஒட்டியிருந்த பழைய கியர் கம்பிகள் போய் ஃப்ளோர் கியர் வந்ததால் இடமும் கிடைத்தது. இரண்டு ஜாயின்டுக்கும் நடுவிலுள்ள தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். தவறினால் ஒரு சுற்றில் இரண்டு முறை ஸ்டீயரிங் இறுகி இளகும். முதல் நாள் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. கழற்றித் திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது.

மாமாவுக்குத் தோள்வலி அதிகமானால், ராக்கை அப்படியே விட்டு, ஸ்டீயரிங் தண்டில் மோட்டார் உள்ள மின் ஸ்டீயரிங்கைப் பார்ப்பேன். பழைய லூகாஸ் டைனமோவின் 22 ஆம்பியர் அதற்குக் காணாது. இசூசுவோடு வந்த ஆல்டர்னேட்டர் இருப்பதால்தான் அந்த யோசனையே.